மதர்போர்டு ஒலியே போதுமா? சவுண்ட் கார்டு வாங்க வேண்டுமா?

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணினியின் ஒலியைப் பற்றியவை. அவற்றுள் ஆறு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப் கணினி என்னிடம் உள்ளது. மாலையில் இரண்டு மணி நேரம் அதில் கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களும் கேட்பது என் வழக்கம். மதர்போர்டிலேயே உள்ள ஒலி வசதியில் ஒரு 2.1 ஸ்பீக்கரை இணைத்திருக்கிறேன். சர்வீஸ் செய்ய வந்தவர், "போர்டில் வருகிற சவுண்ட் எல்லாம் பேருக்குத்தான் சார், 2,000 ரூபாய்க்குத் தனியாக ஒரு கார்டு போட்டால் பாட்டு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்" என்கிறார். வாங்கலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் ஒன்றை நான் தேடிப் பார்த்தேன், அது இல்லை. இப்போது கேட்கும் ஒலியில் என்ன குறை என்று நீங்கள் எழுதவேயில்லை. இரைச்சல் இருக்கிறதா, ஒலி போதவில்லையா, ஒரு பக்கம் விட்டுவிட்டு வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் சவுண்ட் கார்டு உதவுமா உதவாதா என்று சொல்ல முடியும். குறை எதுவும் இல்லையென்றால், 2,000 ரூபாய் கார்டு உங்கள் காதுக்குப் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்காது.

காரணத்தைச் சொல்கிறேன். பாட்டுக் கோப்பில் எண்களாக இருப்பதை மின் அலையாக மாற்றுவதுதான் சவுண்ட் கார்டின் முதல் வேலை. அதே வேலையைச் செய்யும் ஒரு சிறிய சிப் உங்கள் மதர்போர்டிலும் இருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் அது தைவானைச் சேர்ந்த ரியல்டெக் நிறுவனத்தின் தயாரிப்பு. மலிவான போர்டுகளில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஏஎல்சி 887 என்ற சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் இசைக்கும் அதன் சொந்த இரைச்சலுக்கும் இடையே உள்ள தூரம் 97 டெசிபல் (ஒலியின் வலிமையை அளக்கும் அலகு) என்று அதன் விவரக் குறிப்பு கூறுகிறது. விலை கூடிய போர்டுகளில் வரும் ஏஎல்சி 1220 சிப்புக்கு அந்த எண் 120 டெசிபல். ஒரு சிடி தட்டு தாங்கக்கூடிய அளவே ஏறத்தாழ 96 டெசிபல்தான். போர்டில் பொருத்தப்பட்ட பிறகு இந்த எண்கள் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். பத்து டெசிபல் குறைந்தால்கூட என்ன ஆகிறது என்று பாருங்கள். மின்விசிறி ஓடுகிற ஓர் அறையின் அமைதியே 40 டெசிபல் அளவில் இருக்கும். வீட்டில் நாம் பாட்டை 80, 85 டெசிபலுக்கு மேல் வைப்பதில்லை. அப்படியானால் சிப்பின் இரைச்சல் மின்விசிறியின் ஓசைக்கு வெகு கீழே எங்கோ புதைந்து கிடக்கிறது. அதை இன்னும் ஆழமாகப் புதைக்க 2,000 ரூபாய் கொடுப்பதில் பொருளில்லை.

நீங்கள் விரும்பிக் கேட்கும் பழைய பாடல்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவை காந்த நாடாவில் பதிவானவை. நாடாவுக்கென்றே ஓர் 'உஸ்' உண்டு. அதற்கும் இசைக்கும் இடையே உள்ள தூரம் 60 முதல் 70 டெசிபல்தான். பாட்டு தொடங்கும் முன்பே அந்த 'உஸ்' கேட்கத் தொடங்கிவிடுகிறது. உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் அது அந்த நாடாவின் இரைச்சலைச் சற்றும் மாற்றாமல் உங்களுக்குக் கேட்கச் செய்யும், அவ்வளவுதான்.

ஆனால் போர்டு ஒலியைக் குறை சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்லவில்லை. குறை இருக்கும் இடம் பெரும்பாலும் சிப் அன்று, சிப்பிலிருந்து உங்கள் காது வரை வருகிற வழி. இதை நீங்களே பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஒரு ஹெட்போனைக் கேபினெட்டின் முன்பக்கத் துளையில் செருகுங்கள். எந்தப் பாட்டும் ஓடக் கூடாது. காதில் மாட்டாமல், காதருகே பிடித்துக்கொண்டு, ஒலியளவை முழுவதும் ஏற்றுங்கள். இப்போது மவுஸை மெல்ல வட்டமாகச் சுற்றுங்கள். ஒரு பெரிய இணையப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள். சில கணினிகளில் மவுஸ் நகரும்போது 'கிர்ர்' என்று நூல் இழுப்பதுபோல் ஒரு சன்னமான ஓசை வரும். மவுஸ் நின்றால் அதுவும் நிற்கும். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கூடுதலாக மின்சாரம் இழுக்கும் ஒவ்வொரு முறையும் எழுகிற மின் இரைச்சல் அது. முன்பக்கத் துளைக்குப் போகும் ஒயர், மதர்போர்டின் கீழ் ஓரத்திலிருந்து கிளம்பி, கிராபிக்ஸ் கார்டின் அடிவழியாகக் கேபினெட்டின் முழு நீளத்தையும் கடந்து வருகிறது. பல கேபினெட்டுகளில் அந்த ஒயருக்குச் சரியான உறை இருப்பதில்லை. வழியில் கிடைத்த இரைச்சலையெல்லாம் அது வாரிக்கொண்டு வரும்.

அடுத்து, அதே ஹெட்போனைப் பின்பக்கத்துப் பச்சைத் துளையில் செருகி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் இரைச்சல் அங்கே அடங்கிவிட்டது. உங்களுக்கும் அடங்கினால் செலவு எதுவும் தேவையில்லை. ஸ்பீக்கரைப் பின்பக்கத்தில் இணைத்தாலே போதும். பின்பக்கத்திலும் அதே 'கிர்ர்' தொடர்ந்தால் உங்கள் சர்வீஸ்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. அப்போதும் கேபினெட்டுக்குள் செருகும் கார்டை வாங்காதீர்கள். அது அதே இரைச்சல் நிறைந்த வீட்டின் இன்னோர் அறைக்குக் குடிபோவதற்குச் சமம். யூஎஸ்பி துளையில் செருகி வெளியே தொங்கும் சிறிய வகையை வாங்குங்கள். ஒலி மின் அலையாக மாறும் இடம் பெட்டிக்கு வெளியே போய்விடுவதால் மவுஸ் ஓசை பெரும்பாலும் ஒழிந்துவிடும். ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்காக விற்கும் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் மிகச் சிறியது. ஆனால் விண்டோஸ் கணினியில் அது இந்த வேலையைச் செவ்வனே செய்கிறது. டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி-சி துளை இல்லையென்றால் அதற்கொரு மாற்றுமுனை மட்டும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

ஹெட்போனில் கேட்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெட்போனின் மின்தடை எவ்வளவோ, அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அதை இயக்கும் துளையின் மின்தடை இருக்கக் கூடாது என்பது ஒலித்துறையில் நெடுநாளாக உள்ள கணக்கு. காதுக்குள் செருகும் இயர்போன்கள் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். சில மதர்போர்டுகளின் முன்துளையில் 75 ஓம் அளவுக்குக்கூடத் தடை சேர்க்கப்பட்டிருப்பதுண்டு. அங்கே சில வகை இயர்போன்களில் தாழ்ந்த ஒலிகள் பருத்தும், உச்ச ஒலிகள் மங்கியும் கேட்கும். மலிவான யூஎஸ்பி அடாப்டரில் அதே இயர்போன் உண்மையாகவே நன்றாக ஒலிக்கும். அது பிரமை அன்று. உங்களுடையது சொந்தமாகவே ஆம்ப்ளிபயர் வைத்திருக்கும் 2.1 ஸ்பீக்கர். அது ஆயிரக்கணக்கான ஓம் தடை காட்டும். இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

பிரமை எங்கே வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் நானே சிக்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்டு வாங்கிப் பொருத்திய முதல் மாலை, மிருதங்கத்தின் வலந்தலை நாதம் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று வியந்து, வீட்டில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். சில மாதங்கள் கழித்து மீட்டர் வைத்து அளந்தபோதுதான் புதிய கார்டு பழையதைவிடச் சற்று உரக்க ஒலித்தது என்று தெரிந்தது. இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிய பிறகு எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே பாட்டை ஒரு டெசிபல் உரக்க வைத்தால், உரக்க இருக்கிறது என்று காது சொல்வதில்லை. நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறது.

ஆகவே யாராவது கார்டைக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் போட்டுக்காட்டினால், முதலில் ஒலியளவைச் சமமாக்குங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 200 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரம் ஒன்றை உருவாக்கி ஓடவிட்டு, ஒயரின் முனையில் மில்லிவோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு துளைகளிலும் அளவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்குள் ஒத்துப்போகும்படி செய்யுங்கள். பிறகு நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ள, வீட்டில் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் ஒயரை மாற்றி மாற்றிச் செருகட்டும். பத்து முறை கேட்டு, எது புதியது என்று பத்து முறையும் எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாகிவிடும். ஒன்பதோ பத்தோ சரியானால்தான் அதைக் கேட்டறிந்தது என்று கொள்ளலாம். வெறும் தற்செயலாக அப்படி அமைவது ஏறத்தாழ நூற்றில் ஒரு முறைதான்.

2,000 ரூபாயைச் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், அதை இப்போதைய ஸ்பீக்கருக்குப் பதில் நல்ல ஸ்பீக்கர் வாங்கும் கணக்கில் போட்டுவையுங்கள். ஒலியில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது ஸ்பீக்கர்தான். அதற்கடுத்தது, அது வைக்கப்பட்டிருக்கும் இடம். இரண்டு சிறிய பெட்டிகளும் மேசையின்மேல் மானிட்டருக்குப் பின்னால் மறைந்திருந்தால், இன்றே இரண்டு தடித்த புத்தகங்களை அடியில் வைத்துக் காது உயரத்துக்கு ஏற்றி, இரண்டையும் உங்கள் முகத்தை நோக்கித் திருப்புங்கள். தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய பெட்டி சுவர் மூலையில் இருந்தால் ஓர் அடி வெளியே இழுங்கள். வயலின் பாட்டுக்குப் பின்னால் தனியாக நிற்பது கேட்கும். யூடியூப்பில் கேட்பதாக இருந்தால் அங்கே வரும் ஒலியே சுருக்கப்பட்டது. நொடிக்குச் சுமார் 128 முதல் 160 கிலோபிட் அளவுதான். உங்களிடம் உள்ள சிடிக்களைச் சுருக்காமல் கணினியில் ஏற்றிக்கொண்டு கேட்பது கார்டு வாங்குவதைவிடப் பயன் தரும்.

கேள்வி: 1990களில் கணினி வாங்கியபோது சவுண்ட் கார்டு தனியாக வாங்கித்தான் பொருத்தினோம். அது இல்லாவிட்டால் கணினியில் 'பீப்' தவிர வேறு ஒலியே வராது. அப்படி முக்கியமாக இருந்த ஒன்று எப்படி வேண்டாத பொருளாகிப் போனது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: உங்கள் நினைவு சரியே. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. அதன் பெயரே சவுண்ட் கார்டு என்பதற்கு மறுபெயராகிவிட்டது. அன்றைய புராசசர்களுக்குப் பல ஒலிகளைக் கலந்து இசைக்கும் அளவுக்கு வலு இல்லாததால், அந்த வேலைக்கென்றே தனி அட்டை தேவைப்பட்டது. 1997இல் இன்டெல் வகுத்த ஏசி 97 என்ற விதிமுறைதான் ஒலி வசதியை மலிவாக மதர்போர்டிலேயே சேர்க்க வழி செய்தது. தொடக்கத்தில் அதன் தரம் உண்மையிலேயே சுமார்தான், இரைச்சல் மிகுந்திருந்தது. 'போர்டு சவுண்ட் மோசம்' என்ற பேச்சு பிறந்தது அந்தக் காலத்தில்தான், அப்போது அது முற்றிலும் நியாயமான பேச்சு. 2004இல் இன்டெல்லின் எச்டி ஆடியோ விதிமுறை வந்த பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலிகளைக் கலக்கும் வேலையைப் புராசசரிடமே ஒப்படைத்துவிட்டது. விளையாட்டுகளுக்காகக் கார்டு வாங்கியவர்களுக்கு இருந்த பெரிய காரணமும் அதோடு போயிற்று.

அன்றைய கார்டுகள் குறையே இல்லாதவை என்றும் எண்ண வேண்டாம். 1998இல் வந்து புகழ்பெற்ற சவுண்ட் பிளாஸ்டர் லைவ், உள்ளே வரும் ஒலி எல்லாவற்றையும் 48,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகளுக்கு, மாற்றிவிட்டுத்தான் இசைக்கும். சிடி பாட்டு 44,100 ஹெர்ட்ஸில் உள்ளது. அந்த மாற்றத்தில் சேரும் சிறு பிசிறுகளைப் பற்றி அக்காலத்தில் ஆர்வலர்கள் நிறைய வருந்தினார்கள்.

கேள்வி: நான் வாய்ப்பாட்டும் வீணையும் இணைய வழியில் கற்பிக்கிறேன். டெஸ்க்டாப்பில் 3.5 மி.மீ. மைக் ஒன்றைச் செருகிப் பேசுகிறேன். என் குரலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று மழை பெய்வதுபோல் கேட்கிறது என்று மாணவியர் சொல்கிறார்கள். தம்புரா ஒலி அவர்களுக்குக் கேட்பதே இல்லையாம். வீணையின் நீண்ட நாதம் பாதியில் அறுந்துபோகிறதாம். சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகுமா?
— இசை ஆசிரியை, மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கார்டு மருந்து. மற்றதற்குக் காசே இல்லாத மருந்து.

முதலில் அந்த 'ஸ்ஸ்'. பாட்டுக் கேட்பதற்கு மதர்போர்டு போதும் என்று மேலே சொன்னேன். ஒலியைப் பதிவு செய்வதில் நிலைமை வேறு. மைக் தருகிற மின் அலை மிக மிகச் சிறியது. அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கித்தான் கணினி எடுத்துக்கொள்ள வேண்டும். மலிவான மதர்போர்டுகளில் அந்தப் பெருக்கும் பகுதி பலவீனமானது. விண்டோஸில் மைக் அமைப்புக்குப் போய் 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' என்ற அளவைப் பாருங்கள்; 20 அல்லது 30 டெசிபலில் இருந்தால், உங்கள் குரலோடு இரைச்சலையும் அதே அளவு அது தூக்கிக்கொண்டிருக்கிறது. அதை 10க்கு இறக்கிவிட்டு, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், இரைச்சல் கூடாது.

அதன் பிறகும் மழை நிற்கவில்லை என்றால், உங்களுக்குச் செலவு செய்யத்தான் சொல்வேன். வகுப்பு உங்கள் தொழில்; மாணவியர் காதில் விழும் சுருதி தெளிவாக இருக்க வேண்டும். ஒலியை எண்களாக மாற்றும் பகுதியைத் தனக்குள்ளேயே கொண்ட யூஎஸ்பி மைக் ஒன்று வாங்கினால் மதர்போர்டின் ஒலிப் பகுதி முழுவதுமாகத் தவிர்க்கப்பட்டுவிடும். கணினிக்கு ஒலி எண்களாகத்தான் வந்து சேர்கிறது. பாட்டுக்கு மட்டும் அது போதும். வீணைக்கும் குரலுக்கும் நல்ல மைக் வைத்துக் கற்பிக்க விரும்பினால், மைக்கின் ஒலியைப் பெருக்கி எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும், ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் சிறு பெட்டி சரியான பொருள். பெஹ்ரிங்கரின் யூஎம்சி 22 போன்றவை 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக்குகளுக்கும் அதை வழங்கும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பிஎம் 800 என்ற பெயரில் விற்கும் பெரிய மைக்கை 3.5 மி.மீ. ஒயருடன் வாங்கி நேரே கணினியில் செருகிவிட்டு, ஒலியே வரவில்லை என்று வருந்தி எழுதியவர்கள் பலர். அதற்குத் தேவையான மின்சாரம் அந்தத் துளையில் இல்லை.

இரண்டாவது, தம்புரா மறைவதும் வீணை நாதம் அறுவதும். இதில் உங்கள் கணினிக்கோ மைக்குக்கோ ஒரு குற்றமும் இல்லை. இணைய வகுப்பு மென்பொருள்கள் மனிதர் பேசுவதை மட்டும் அனுப்பும்படி அமைந்தவை. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவானாலும் அதை மின்விசிறி என்றோ ஏசி என்றோ எண்ணி அழித்துவிடும். தம்புராவின் இயல்பே மாறாமல் சீராக ஒலிப்பதுதானே! மந்தர ஸ்தாயியில் நீங்கள் ஒரு மீட்டு மீட்டி, அதன் நாதம் தேய்ந்துகொண்டே போவதைக் கேட்கச் சொல்லும் அந்த இடம்தான் மென்பொருளுக்குக் குப்பையாகத் தெரிகிறது. ஜூம் பயன்படுத்துவதாக இருந்தால், ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிசியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொரு வகுப்பின்போதும் திரையின் மேல்பக்கத்தில் அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது எதிரொலியைத் தடுக்கும் வசதியும் அணைந்திருந்தால், நீங்கள் ஸ்பீக்கருக்குப் பதிலாக ஹெட்போன் மாட்டிக்கொள்வது அவசியம். இந்த ஒரு மாற்றத்தை முதலில் செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கார்டு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் 150 ரூபாய்க்கு '7.1 சேனல்' என்று அச்சிட்ட யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது. வேறொரு கடையில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்ட ஒன்றைப் பத்து மடங்கு விலை சொன்னார்கள். எதை நம்புவது?
— கல்லூரி மாணவர், காஞ்சிபுரம்

பதில்: 150 ரூபாய்ப் பொருளைத் திருப்பிப் பாருங்கள். அதில் இருப்பது இரண்டே துளைகள்: ஒன்று ஹெட்போனுக்கு, மற்றது மைக்குக்கு. 7.1 என்றால் எட்டு ஒலி வழிகள். அவை வெளியே வர நான்கு துளைகளாவது வேண்டும். ஆக, பெட்டியின்மேல் உள்ள எழுத்து மென்பொருள் காட்டும் பாவனையையே குறிக்கிறது. இத்தகைய பொருள்களில் பெரும்பாலும் சிமீடியா நிறுவனத்தின் சிஎம் 108 வகைச் சிப்போ அதைப் பார்த்துச் செய்ததோ இருக்கும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு வழி ஒலி, ஒரு வழி மைக். அவ்வளவே. அந்தச் சிப் நேர்மையானதுதான். ஆனால் 150 ரூபாய்க்கு விற்க வேண்டிய கட்டாயத்தில், மின்சாரத்தை வடிகட்டும் பாகங்களைக் குறைத்துவிடுகிறார்கள். நான் கையாண்ட ஒன்றில் பாட்டு இல்லாத நேரத்தில் ஒரு மெல்லிய கீச்சொலி ஓயாமல் கேட்டது. அதே கணினியின் பின்துளையில் அது இல்லை. லேப்டாப்பின் ஹெட்போன் துளை உடைந்துபோய் அவசரத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் இதை வாங்கலாம். தரம் கூடும் என்ற எண்ணத்தில் வாங்கக் கூடாது.

192 கிலோஹெர்ட்ஸ் என்பது பொய்யன்று. ஆனால் கேட்பவருக்கு அது தேவையுமன்று. மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். அதுவும் இளம் வயதில். ஒரு ஒலியை முழுமையாகப் பிடிக்க அதன் இரு மடங்குக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் மாதிரி எடுத்தால் போதும் என்பது நிறுவப்பட்ட கணிதம், சிடியின் 44.1 அங்கிருந்துதான் வந்தது. 24 பிட் பதிவு செய்பவருக்கு மிகவும் உதவும், ஏனெனில் பாடகர் திடீரென்று உச்சத்துக்குப் போனால் உடையாமல் இருக்க இடம் விட்டுவைத்துப் பதிவு செய்யலாம். பத்து மடங்கு விலைப் பொருள் உண்மையிலேயே நன்றாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அதற்குக் காரணம் அதன் மின்சுற்று நன்றாக அமைந்திருப்பதே.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில்தான் கேட்கிறேன். சவுண்ட் கார்டு மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தெரியாது. எண்களை ஒலியாக மாற்றும் சிப் உங்கள் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது. கணினி எண்களைக் காற்றில் அனுப்புவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. யூஎஸ்பி ஹெட்செட்டுக்கும், எச்டிஎம்ஐ வழியாக டிவியில் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: கணினியை வீட்டிலுள்ள பழைய ஆம்ப்ளிபயருடன் இணைத்தால் 'ம்ம்ம்' என்ற ஓசை ஓயாமல் வருகிறது. 1,800 ரூபாய் கொடுத்து யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினேன். ஓசை அப்படியே இருக்கிறது. நண்பர் ஒருவர் கணினி பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், சேலம்

பதில்: செய்யவே செய்யாதீர்கள். கணினியின் பவர் சப்ளைக்குள் ஏதாவது பழுதானால் இரும்புக் கேபினெட்டில் பாயும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோவது அந்த மூன்றாவது பின் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் அடுத்து அந்தப் பெட்டியைத் தொடுகிறவரின் உடல் வழியாக அது போகும்.

புதிய கார்டு உங்களைக் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. நீங்கள் கேட்பது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சேர்ந்த ஓசை. நம் வீட்டு மின்சாரத்தின் துடிப்பு அது. கணினி ஒரு சுவர் பிளக்கின் எர்த்திலும், ஆம்ப்ளிபயர் வேறொரு பிளக்கின் எர்த்திலும் இணைந்திருக்க, இடையில் நீங்கள் போட்ட ஆடியோ ஒயரின் உறை அவ்விரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. இரண்டு எர்த்துகளுக்கும் இடையே உள்ள சிறு மின் வேறுபாடு அந்த வளையத்தில் ஓடி, ஒலியாக வெளியே வருகிறது. யூஎஸ்பி கார்டும் கணினியின் அதே எர்த்தைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே வளையம் அறுபடவில்லை. மவுஸ் 'கிர்ர்' ஓசைக்கு யூஎஸ்பி கார்டு மருந்து, 'ம்ம்ம்' ஓசைக்கு அது மருந்தாவது அரிது. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் ஓசை அதிலேயே அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால், ஆம்ப்ளிபயருடன் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் ஆன்டெனா ஒயரை மட்டும் கழற்றிவிட்டுக் கேளுங்கள்; தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் உறை வழியாகவும் இன்னோர் எர்த் வீட்டுக்குள் வருவதுண்டு. லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினாலே காரணம் புரிந்துவிடும்.

இவை எதற்கும் மசியாவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். உள்ளே இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஒலி காந்தப் புலத்தின் வழியாகத் தாண்டிப்போகும். இரண்டு எர்த்துகளும் ஒன்றையொன்று தொடாது. மிக மலிவானவற்றில் தவில், மிருதங்கம் போன்றவற்றின் அடிநாதம் சற்று மெலியும் என்பதால், திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்கி, வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மதர்போர்டின் பின்புறம் சிவப்பு ஒளி தெரியும் சதுரத் துளை இருந்தால் அது ஆப்டிக்கல் வெளியீடு. அதிலிருந்து ஒலி கண்ணாடியிழை போன்ற ஒயரில் வெறும் ஒளியாகப் போகிறது. மின் தொடர்பே இல்லாததால் வளையம் உருவாக வழியில்லை. பழைய ஆம்ப்ளிபயருக்கு அந்த ஒளியை ஒலியாக மாற்றித் தரும் சிறு பெட்டி ஒன்று தேவைப்படும். ஏற்கெனவே வாங்கிய யூஎஸ்பி கார்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால், அந்தத் தொகையிலேயே அதை வாங்கிவிடலாம்.